தாடையில் கம்பி கட்டிய காலம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கும்பகோணத்தில் எங்கள் பல், தாடை மருத்துவமனைக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனா நேரத்தில் தாடை உடைந்து சிகிச்சை எடுத்தவர்கள் இப்போதும் கேட்கிறார்கள்: "மத்தவங்களுக்கு பிளேட் வைக்கிறாங்க, எனக்கு மட்டும் ஏன் கம்பி கட்டி அனுப்பினாங்க?" பிளேட் என்பது உடைந்த எலும்பில் துளையிட்டுத் திருகால் பொருத்தும் சிறு உலோகத் தகடு. ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தோம்.

கொரோனா கிருமி மூக்கிலும் தொண்டையிலும்தான் அதிகம் இருக்கும். தாடையைச் சரிசெய்யும் மருத்துவரோ அந்த வாய்க்கு ஒரு முழத்துக்குள் முகத்தை வைத்து வேலை பார்ப்பவர். டிரில் சுழலும்போது எச்சிலும் ரத்தமும் நுண்ணிய துளிகளாகக் காற்றில் பரவும். 2020இன் பெரும்பகுதியில் தடுப்பூசியும் கிடையாது. அதனால் பல நாடுகளிலும் தாடை அறுவை மருத்துவர்கள், சதையை வெட்டித் திறக்காமலே சேர்க்க முடிகிற எலும்பைத் திறப்பதில்லை என்ற வழிக்குப் போனார்கள். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் சரியாகப் பொருந்தக் கடிக்க வைத்து, கம்பியால் பிணைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் எலும்பு கூடிவிடும். பிளேட் வைத்தே தீர வேண்டியவர்களுக்கு, டிரில் இல்லாமல் தானே துளைத்து இறங்கும் திருகுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தையல் பிரிக்க மறுபடி வரவேண்டாம் என்று கரையும் நூலில் தைத்தார்கள்.

கம்பி கட்டுவது மட்டமான வைத்தியம் இல்லை. பிளேட் வருவதற்கு முன்பு பல காலம் அதுதான் வழி. ஆனால் நோயாளிக்குப் பாடு அதிகம். வாரக்கணக்கில் நொய்க்கஞ்சியும் மோரும்தான். அதைப் பொறுத்துக்கொண்டவர்களை நினைத்தால் எங்களுக்கு இன்றும் மனம் கனக்கிறது.

ஊரடங்கில் வண்டிகள் குறைந்ததால் விபத்தும் குறைந்தது. நாடு முழுவதும் 2019இல் 4,49,002 சாலை விபத்துகள், 2020இல் 3,66,138. ஆனால் வயல் வேலை நிற்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதியே பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். வரப்பில் வழுக்கி விழுந்தாலும், பவர் டில்லர் கைப்பிடி முகத்தில் அடித்தாலும் உடைவது அதே எலும்புதான். வலங்கைமான் நமக்குப் பக்கத்து ஊர், ஆனால் திருவாரூர் மாவட்டம். ஆகஸ்ட் முடியும்வரை பெரும்பாலான நாட்களில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. அதற்கு மேல், ஆஸ்பத்திரிக்குப் போனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று பலர் இருந்துவிட்டார்கள்.

வீக்கம் வடிவது வேறு, எலும்பு நேராகக் கூடுவது வேறு. இரண்டு மூன்று வாரம் போய்விட்டால் உடைந்த எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கும். பிறகு அதை வெட்டித் திரும்பவும் சேர்க்க வேண்டும். கொரோனா காலம் போய்விட்டது, ஆனால் "பார்த்துக்கலாம்" என்ற அந்தப் பழக்கம் போகவில்லை. அறுவடை நேரத்தில் ரோட்டில் காயும் நெல்லில் பைக் சறுக்கி விழுந்தவர்கள் இன்றும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

முகத்தில் அடிபட்ட பிறகு மயக்கமோ வாந்தியோ வந்தால் எங்களிடம் வராதீர்கள், முதலில் 108ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாலை விபத்து என்றால் அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அந்த ஆபத்து இல்லையென்றால், பல் முன்போல் பொருந்தவில்லை, பொருள் இரண்டாகத் தெரிகிறது, கன்னம் மரத்திருக்கிறது என்றால் அன்றைக்கே வாருங்கள். பெரியவர்களுக்குப் பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தேய்க்காமல் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

கொரோனா நேரத்தில் செய்ததுபோலவே, சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளிக்கச் சொல்வதை நாங்கள் நிறுத்தப்போவதில்லை. வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும் தொடரும்.

அப்போது கம்பி கட்டியவர்களில் யாருக்காவது கடி இன்னும் பொருந்தவில்லை என்றால், இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், அதையும் சரிசெய்ய வழி உண்டு. பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மருத்துவமனைக் குழுவினர்