ஆலிவ் தோப்பில் முளைப்பதெல்லாம் களையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆலிவ் சாகுபடியைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எண்ணெயின் தரம் குறித்து அது தந்த விளக்கங்கள் பயனுள்ளவை. ஆனால், புல் பூண்டு ஏதுமின்றி உழுது போட்ட வெறுந்தரையை நல்ல தோப்பின் அடையாளமாகவும், நாள் குறித்துத் தவறாமல் மருந்து தெளிப்பதைச் சிறந்த பாதுகாப்பாகவும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை மறுத்துரைக்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை. பூச்சியியல் படித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஆலிவ் விவசாயிகள் பெரிதும் அஞ்சுவது ஆலிவ் பழ ஈயைத்தான். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த ஈயின் பெண், பெரும்பாலும் கனிக்கு ஒன்றாகத் தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகளை இடுகிறது. பொரித்து வரும் புழு சதையைக் குடைந்து தின்பதால் கனி உதிர்கிறது, எண்ணெயின் அமிலத்தன்மையும் கூடுகிறது. பச்சை ஆலிவின் கசப்புப் பொருள்களை மற்றப் பூச்சிகளால் எளிதில் தாங்க முடியாது. இந்தப் புழுவால் மட்டும் முடிவதற்குக் காரணம், தாய் ஈயிடமிருந்து வழிவழியாக அதற்குக் கிடைக்கும் ஒரு குடல் பாக்டீரியா. இவ்வளவு நுட்பமாகத் தன் உணவோடு பொருந்திக்கொண்ட பூச்சியை ஒரே ஒரு மருந்தை நம்பி வென்றுவிடலாம் என்று எண்ணியது எவ்வளவு தவறு என்பதைக் கடந்த சில பத்தாண்டுகள் காட்டிவிட்டன. டைமெத்தோயேட் என்னும் பூச்சிக்கொல்லி நெடுங்காலம் கணக்கின்றித் தெளிக்கப்பட்டது. அதைத் தாங்கும் திறன் ஈக்களிடம் வளர்ந்தது. மனிதர் உடல்நலத்துக்கும் தேனீக்களுக்கும் அதனால் நேரக்கூடிய தீங்கைக் கருதி, 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

பரவலாகக் கொல்லும் மருந்து ஈயோடு நின்றுவிடுவதில்லை என்பது இன்னும் கவலைக்குரியது. ஆலிவ் மரத்தின் சாற்றை உறிஞ்சும் கருஞ்செதில் பூச்சியை, மற்றப் பூச்சிகளில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வழக்கமாக அடக்கி வைத்திருக்கும். தெளிப்பில் குளவிகள் மடிந்தால், செதில் பூச்சி பெருகி, அது வெளியேற்றும் இனிப்பான பிசுபிசுப்பில் கரும்பூசணம் படர்ந்து, இலைகள் கறுத்துப்போகும். அதே பிசுபிசுப்பு வளர்ந்த பழ ஈக்களுக்கும் உணவாகிறது! அதாவது, ஈயை ஒழிக்கத் தெளித்த மருந்தே, எஞ்சிய ஈக்களுக்குப் பந்தி விரித்ததாக முடியக்கூடும்.

ஆலிவ் அந்துப்பூச்சியைப் பற்றிய கட்டுரையாளரின் அச்சமும் மிகையானது. இது ஆண்டுக்கு மூன்று தலைமுறைகள் காண்கிறது: ஒன்று இலையையும், ஒன்று பூவையும், மூன்றாவது கனியையும் தாக்குகிறது. ஆலிவ் பூக்களில் நூற்றுக்கு ஓரிரண்டுதான் கனியாகின்றன. மற்றவற்றை மரமே உதிர்த்துவிடுகிறது. ஆகவே, பூத்திருக்கும் மரத்தில் சில பூங்கொத்துகளைப் புழு பின்னியிருப்பதைக் கண்ட உடனே மருந்துக் கலனைத் தூக்க வேண்டியதில்லை. கனியைத் துளைத்துக் கொட்டைக்குள் புகும் மூன்றாம் தலைமுறையே உண்மையான இழப்பைத் தருவது. அதன் முட்டைகளைத் தேடித் தின்பதில் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் இளம்புழுக்களுக்கு நிகரானவை மிகக் குறைவு. ஆனால் அந்தப் பூச்சி வளர்ந்த பின் வாழ்வது தேனையும் மகரந்தத்தையும் நம்பி. ஆலிவ் மரமோ காற்றால் மகரந்தச் சேர்க்கை பெறுவது. பூக்கும் காலமும் குறுகியது. ஆண்டின் மற்ற நாள்களில் இந்தப் பூச்சிக்கு உணவளிப்பவை, மரங்களுக்கிடையே தரையில் பூக்கும் செடிகளே. அவற்றைக் களையென்று சுத்தமாக அழித்துவிட்டு, நன்மை செய்யும் பூச்சிகளைக் காணவில்லையே என்று வருந்துவது முறையாகாது.

தோப்போரச் செடிகளும் அப்படித்தான். மத்தியதரைக்கடல் பகுதியில் மஞ்சள் பூக்களோடு தானாக வளரும் டிட்ரிக்கியா என்னும் பிசின் செடியின் பூத்தலைகளில், முடிச்சுகளை உண்டாக்கும் ஒரு சிறு ஈ வாழ்கிறது. அதனால் ஆலிவுக்குக் கேடில்லை. பழ ஈயின் புழுவைத் தாக்கும் ஒரு குளவி, மரத்தில் கனியில்லாத மாதங்களில் இந்த முடிச்சு ஈயின் புழுக்களை அண்டிப் பிழைக்கிறது. இதையறிந்த விவசாயிகள் சிலர் அச்செடியை வரப்பில் விட்டுவைக்கிறார்கள். அதே குளவி சில வேளைகளில் நன்மை செய்யும் வேறு ஒட்டுண்ணிக் குளவிகளையும் தாக்கும் என்பதால், இதை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது.

இயற்கை எதிரிகளால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. மனிதன் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிய ஆலிவ் கனியின் தடித்த சதைக்குள், புழு ஒட்டுண்ணிக் குளவியின் முட்டையிடும் ஊசிக்கு எட்டாத ஆழத்தில் தப்பிக்கொள்கிறது. சிறு காட்டு ஆலிவில் அதற்கு அந்த வசதி இல்லை. ஆகவே தோப்பில் மனிதனின் கை வேண்டியிருக்கிறது. பொறிகளை வைத்து ஈக்களை எண்ணுவதும், கனிகளை வெட்டிப் பார்த்துச் சேதத்தைக் கணக்கிடுவதும், கயோலின் களிமண்ணைக் கனிமேல் மெல்லிய படலமாகத் தெளித்து முட்டையிடுவதைத் தடுப்பதும், மரம் முழுவதும் நனைக்காமல் புரதக் கவர்ச்சி உணவில் கலந்த மருந்தைச் சிறு பகுதியில் மட்டும் இடுவதும், முன்கூட்டியே அறுவடை செய்வதும் இன்று நடைமுறையில் உள்ளவை. ஊறுகாய்க்கான ஆலிவில் சிறு குத்தும் பொறுக்க முடியாதது. எண்ணெய்க்கான ஆலிவில் ஓரளவு பொறுக்கலாம். இந்த வேறுபாட்டைக்கூடக் கட்டுரை சொல்லவில்லை.

தரைச்செடிகளை எங்கும் எப்போதும் விட்டுவைக்கலாம் என்பதும் சரியன்று. இத்தாலியின் அபூலியா பகுதியில் 2013இல் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியா, பழமையான ஆலிவ் மரங்களையும் பட்டுப்போகச் செய்தது. அதைப் பரப்பும் நுரைப்பூச்சியின் இளம் பூச்சிகள் வசந்தகாலத்தில் தரைச்செடிகளில்தான் வளர்கின்றன. நோய் பரவிய இடங்களில், அவை வளர்ந்து மரமேறுமுன் அச்செடிகளை வெட்டவோ உழவோ வேண்டும், இது கட்டாயம். ஆனால் அது ஒரு பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்து, குறித்த இடத்தில் குறித்த காலத்தில் செய்யும் வேலை. ஆண்டு முழுவதும் தரையை மொட்டையாக்கி வைப்பதற்கு அதைச் சாக்காகக் காட்ட முடியாது.

பறவைகளையும் வவ்வால்களையும் கட்டுரை அறவே மறந்துவிட்டது. அந்துப்பூச்சிகளை இரவில் வேட்டையாடுபவை வவ்வால்கள். குளிர்காலத்தில் வலசை வரும் பாடும் பறவைகள் நெருக்கமான ஆலிவ் வரிசைகளில் உறங்குகின்றன. இரவில் விளக்கோடு வரும் அறுவடை இயந்திரங்களில் சிக்கி அவை பெருந்தொகையாக மடிந்ததால், ஸ்பெயினின் அந்தலூசியாவில் 2019இல் இரவு அறுவடை நிறுத்தி வைக்கப்பட்டது. 6 கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் நிற்கும் ஹயென் மாகாணம் அங்குதான் உள்ளது. அதே அந்தலூசியாவில் 2015இல் தொடங்கிய ‘ஒலிவாரெஸ் விவோஸ்’ திட்டம், தரைச்செடிகளையும் வேலிப்புதர்களையும் திரும்பக் கொண்டுவந்து, அவற்றோடு ஆலிவ் தோப்பு இலாபகரமாக நடக்க வழிதேடியது.

இந்தப் பொருளில் தாங்கள் மீண்டும் கட்டுரை வெளியிடுவதாக இருந்தால், தெளிப்பு அட்டவணையோடு அந்தந்தப் பூச்சியின் பருவங்களையும், அதன் எதிரிகள் எங்கே தங்குகின்றன என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்