மழைநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும், சங்கத்தில் சேராமலேயே நன்கொடை தந்த குடித்தனக்காரர்களுக்கும் வணக்கம்.

சென்னைப் பல்லாவரம் மலையடிவாரத்தில் உள்ள நமது நகரின் தெருக்களில் மழைநீர்ச் செறிவுக் கிணறுகள் (மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகள்) இறக்கும் பணியும், பூங்காவின் பழைய கிணற்றைத் தூர்வாரிச் சீரமைக்கும் பணியும் நிறைவடைந்துவிட்டன. பொறியாளர் இறுதி அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் பதிந்துவிட்டார். வரவு செலவுப் பட்டியல் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுக் கட்டும் வங்கிப் புத்தகமும் மேசையிலேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பட்டியலில் அடங்காதவற்றைச் சொல்லவே இந்த அறிக்கை.

பணம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். "அரசுதான் மானியம் தருகிறதே, பிறகு வீடு வீடாக வசூல் எதற்கு?" என்ற கேள்வி பால் பூத்திலிருந்து கோயில் வாசல் வரை உலவியது. இந்தப் பணி நடந்தது நமக்கு நாமே திட்டத்தில். 1997-98இல் தொடங்கி, 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயருக்கே திரும்பிய திட்டம் அது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும் என்பது அதன் அடிப்படை விதி. 9 லட்சம் ரூபாய்க்கு ஒரு வேலை என்றால் 3 லட்சம் நாம் கொடுத்தாக வேண்டும். அதையும் வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. நம் பங்கைக் கட்டிய பிறகுதான் கோப்பு அடுத்த மேசைக்கு நகரும்.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். அரசின் பங்கு சங்கத்தின் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, வரவும் செய்யாது. ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை கொடுத்து, அளந்து பார்த்து, ஒப்பந்ததாரருக்கு நேராகவே தொகை போகிறது. எனவே "மானியத்தில் குழுவுக்கு எவ்வளவு?" என்று கேட்ட அன்பர்களுக்கு எங்கள் பதில்: தேநீர்ச் செலவைக்கூட எங்கள் பையிலிருந்துதான் கொடுத்தோம்.

வசூலில் ஒரு விசித்திரம். சொந்த வீட்டுக்காரர்களைவிட வாடகைக்கு இருப்பவர்கள் தாமதிக்காமல் கொடுத்தார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்பது அவர்கள்தானே. வெளிநாட்டில் இருக்கும் சில உரிமையாளர்கள் திட்ட வரைபடம் கேட்டார்கள், அனுப்பினோம். மண் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள், அதையும் அனுப்பினோம். பணம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நன்கொடையாளர் பெயர்களைத் தொகை வரிசையில் போடாமல் கதவிலக்க வரிசையில் போட்டிருக்கிறோம். இதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. குழு தன் முடிவை மாற்றுவதாக இல்லை.

எந்தப் பணிக்கு விண்ணப்பிப்பது என்பதில் பொதுக்குழு இரண்டாகப் பிரிந்ததை எல்லோரும் அறிவீர்கள். ஒரு சாரார் நகரின் நுழைவாயிலில் பெயர் பொறித்த வளைவு வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு 2019 மறக்கவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கிய ஆண்டு அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் இதே சென்னை வெள்ளத்தில் மிதந்தது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஓராண்டில் விழும் மழையில் சிந்தியது சிதறியது போக ஏறத்தாழ 1 லட்சம் லிட்டரைப் பிடிக்கலாம். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் எட்டு லாரித் தண்ணீர். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகே வாக்கெடுப்பு நடந்தது. வளைவு தோற்றது. அதைக் கேட்டவர்களின் மனம் நோகாமல் இருக்க, ஒவ்வொரு கிணற்று மூடியிலும் நகரின் பெயரைப் பொறித்திருக்கிறோம்.

மழைநீர் சேகரிப்பு நமக்குப் புதிதல்ல. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது நாமும் குழி எடுத்தோம். வரைபடம் எடுக்கப் போன குழு அந்தக் குழிகளைத் திறந்து பார்த்தது. பெரும்பாலானவற்றில் வண்டல் கல்லாய் இறுகியிருந்தது. சிலவற்றின் மேல் கார் நிறுத்தத் தளமே போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் மாடிக்குழாய் குழிக்குப் போகாமல் நேராகக் கழிவுநீர்த் தொட்டிக்குப் போயிற்று. அந்த வீட்டு உரிமையாளர் அதை இப்போது திருத்திவிட்டார்.

புதிய கிணறுகள் மூன்றடி விட்டம் கொண்டவை. ஒவ்வோர் அடி உயரமுள்ள சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உள்ளே இருந்து மண்ணை வாங்க வாங்க உறை தானே கீழே இறங்கும் பழைய முறைதான். நம் பகுதி பல்லாவரம் மலையடிவாரத்துப் பாறை நிலம். அந்தக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று நிலவியலில் பெயர். நிலவியலார் அந்தப் பாறை வகைக்கு முன்மாதிரியாகக் கொள்வது பல்லாவரத்துப் பாறையைத்தான். பெருமை இருக்கட்டும், கடப்பாறைக்கு அது வளைந்து கொடுக்காது. அதனால் எல்லாக் கிணறும் ஒரே ஆழம் இல்லை. மேலத் தெருவில் 15 அடி வரை சரளையும் பொடிந்த பாறையுமாக எளிதாக இறங்கியது. கீழத் தெருவில் எட்டடியிலேயே பாறை முட்டியது. அங்கே அதே அளவோடு நிறுத்தி, பக்கத்தில் இன்னொன்று இறக்கினோம். வெடி வைத்து ஆழப்படுத்தலாம் என்ற யோசனையை, சுற்றியுள்ள வீடுகளின் அஸ்திவாரத்தை நினைத்துக் குழு ஏற்கவில்லை.

முதல் லோடாக வந்து இறங்கிய உறைகளில் துளையே இல்லை. துளையில்லாத உறையில் தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் கசியாது. அது வெறும் தொட்டிதான். ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் காலை நடைக்குப் போகும் வழியில் இதைக் கவனித்து, இறக்கிய உறைகளைத் திரும்ப ஏற்றும் வரை லாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தம் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

தெருத் தண்ணீர் நேராகக் கிணற்றில் விழாது. முதலில் வண்டல் தொட்டி. மண்ணும் குப்பையும் அங்கேயே தங்கும். அடுத்தது வடிகட்டும் தொட்டி: அடியில் கூழாங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல். இதைத் தாண்டித்தான் குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போகும். ஆகவே வீட்டு வாசல் கழுவும் சோப்புத் தண்ணீரையும், வண்டி கழுவும் எண்ணெய்த் தண்ணீரையும் அந்த வாய்க்கால் பக்கம் தள்ள வேண்டாம். மணல் எண்ணெயைச் சிறிது காலம் பிடிக்கும், பிறகு நம் போர்வெல்லுக்கே அனுப்பிவைக்கும்.

பூங்காக் கிணறுதான் இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி. போர்வெல் வந்த பிறகு யாரும் சீண்டாமல், கட்டட இடிபாடு கொட்டும் இடமாகிவிட்டிருந்தது. கிணற்று வேலைக்காரர்கள் முதலில் ஆளை இறக்கவில்லை. எரியும் விளக்கை வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். பாதியில் அது அணைந்தது. பிறகு காற்றூதியை நெடுநேரம் ஓட்டி, மறுபடி விளக்கை இறக்கி, அடிவரை எரிகிறது என்று தெரிந்தபின்தான் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். செங்கல், பாட்டில், தேங்காய் ஓடு, துருப்பிடித்த பாதாளக் கரண்டி என்று வந்துகொண்டே இருந்தது. அதற்கும் கீழே, சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுற்றுச்சுவர் ஒரு கல்லும் பெயராமல் நின்றது. ஓரிடத்தில் கால் வைத்து இறங்கப் படிக்கல் நீட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் சிமென்ட் பூசி மூட ஒப்பந்ததாரர் விரும்பினார். அப்படியே விடச் சொன்னோம். மேலே இரும்பு வலை பூட்டப்பட்டிருக்கிறது.

பணி முடிந்தபின் பெய்த மழையில் கீழத் தெரு முனையில் வழக்கமாக நிற்கும் தண்ணீர் வேகமாக வடிந்தது. நிலத்தடி நீர் உயர்ந்துவிட்டது என்று அதை வைத்துக் குழு சொல்லாது. மாதந்தோறும் பூங்காக் கிணற்றில் அளவுக்கயிறு விட்டு நீர்மட்டத்தைப் பலகையில் எழுதப் போகிறோம். இரண்டு பருவமழை போகட்டும், பேசலாம்.

மற்ற பணிகளில், இலைச்சருகு உரக்குழி வேலை நம் சொந்தச் செலவில் நடக்கிறது. சங்கக் கட்டட மாடியில் சூரிய மின்தகடு வைக்கும் யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வரும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அதுவும் தகடு பொருத்தி, இணைப்புப் பெற்ற பிறகு வரும் தொகை என்பதால், முன்பணத்துக்கு வழி தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம்.

இனிமேல்தான் சிக்கலான இடம். மானியம் கட்டித் தரும், தூர்வாரித் தராது. திட்ட மதிப்பீட்டில் பராமரிப்புக்கு என்று தனித் தலைப்பு கிடையாது. 2003இன் குழிகள் செத்துப்போனதற்குக் காரணம் வடிவமைப்பல்ல, திறந்து பார்க்க ஆளில்லாததுதான். வண்டல் தொட்டியை ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும், மழைக்கு நடுவே ஒருமுறையும் வழிக்க வேண்டும். வடிகட்டி மணலைக் கழுவ வேண்டும், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். நம் பங்காக வசூலான தொகையில் மிஞ்சியதைப் பராமரிப்பு வைப்புநிதியாகத் தனிக்கணக்கில் போட்டிருக்கிறோம். அது போதாது. ஆண்டுச் சந்தாவில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் முன்வைப்போம்.

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு காலையில் முதல் துப்புரவு நடக்கும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் இருவர் வர வேண்டும். மூடியைத் தூக்கும் கொக்கியும் மண்வெட்டியும் சங்கத்தில் இருக்கின்றன, கையுறை மட்டும் கொண்டுவரவும். மூடியின் மேல் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் அன்றைக்காவது எடுத்துவிடவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு