இரண்டாவது பல்புக்கு மிச்சம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் நடத்தி வருகிறேன். கல்வியியல் முதுநிலைப் படிப்பான எம்.எட். வரை படித்தவன். அந்தப் படிப்பில் கிடைக்காததையும், அறிவியல் ஆசிரியருக்கென்றே வேண்டிய ஒரு முதுநிலைப் படிப்பையும் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இரண்டு டார்ச் பல்புகளைத் தொடர் இணைப்பில் மாட்டினேன். சுவிட்சைப் போடும் முன், எது நன்றாக எரியும் என்று கேட்டேன். "முதல் பல்புதான் சார். அது எடுத்துக்கொண்டது போக மிச்சம்தானே அடுத்ததற்குப் போகும்?" என்றாள் ஒரு மாணவி. முக்கால்வாசி வகுப்பு தலையாட்டியது. சுவிட்சைப் போட்டேன். இரண்டும் ஒன்றுபோல எரிந்தன. அவள் அசரவில்லை. "இரண்டாவது பல்பு புதியது சார்." இடம் மாற்றி மாட்டினேன். அப்போதும் அப்படியே. "கொஞ்சமாகத்தான் குறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது" என்றாள்.

எவ்வளவு நல்ல பதில்! அளவிடாமல் நம்பமாட்டேன் என்கிறாள் பிள்ளை. எங்கள் ஆய்வகத்தில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரின் முள் எப்போதோ நின்றுபோயிருந்தது. பாடத்தை முடிக்கும் அவசரம் வேறு. "அப்படி இல்லை, மின்னோட்டம் குறையாது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

பிறகு விடுமுறையில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, மின்சாரத்தை பல்பு தின்றுவிடும் என்ற இந்த எண்ணத்தை 1980-களிலிருந்தே பல நாடுகளின் வகுப்பறைகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று. பிள்ளைகள் அதை ஏன் விடமாட்டார்கள், எந்தக் கேள்வியில் தொடங்கினால் அசைந்து கொடுப்பார்கள் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பாடத்தை அறிவது வேறு, அந்தப் பாடத்தை இந்த வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தெரிவது தனி அறிவு என்று 1986-இலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் பெயர் சூட்டிப் பேசினார். இயற்பியலில் இரண்டு பட்டம், கல்வியியலில் இரண்டு பட்டம் வாங்கிய எனக்கு இதை வகுப்பறையில் வைத்து விளங்கவைத்தவர் ஒருவரும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் நான் எம்.எட். முடித்தது, கூடுதல் பட்டத்துக்கு அரசு தந்துவந்த ஊக்க ஊதிய உயர்வுக்காக. என்னோடு படித்தவர்களில் பலரும் அப்படித்தான். என் ஆய்வேட்டின் பொருள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் மனப்பான்மை. முந்நூறு பேரிடம் வினாப்படிவம் கொடுத்தேன். ஆண், பெண் என்றும் நகரம், கிராமம் என்றும் பிரித்தேன். இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை போட்டேன். "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று முடித்தேன். கறுப்பு அட்டையில் பொன்னெழுத்தில் பைண்டிங் செய்து கொடுத்த அந்த ஏட்டை நானே மறுபடி திறந்ததில்லை. அந்த ஊக்க ஊதியமும் 2020 மார்ச்சில் நின்றுபோனது. அதற்காகப் போராடுகிறவர்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் பணத்துக்காக அல்லாமல் படிக்க விரும்பும் ஆசிரியருக்கு எதைக் கொடுக்கப் போகிறோம் என்ற கேள்வியும் அதனால் எழுந்திருக்கிறது.

நான் கேட்பது அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு. பணியில் இருக்கும் ஆசிரியர் தன் வகுப்பறையையே ஆய்வகமாக வைத்துப் படிக்கும் படிப்பு.

இதற்கான சரக்கு வெளிநாட்டில்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தமிழ் வழியில் நடத்துகிறவருக்குத் தினமும் ஒரு ஆய்வுப் பொருள் கிடைக்கும். காய்கறிக் கடையில் இரண்டு கிலோ எடை போட்டு வாங்கி வந்த பிள்ளையிடம், கிலோகிராமில் சொல்வது நிறை, எடையை நியூட்டனில் சொல் என்கிறோம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்கிறோம். வீட்டில் இரண்டுக்கும் சூடு என்று ஒரே சொல். கரண்ட் என்றால் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்திறன், மின்வாரியம் எல்லாமே. நெற்கட்டைத் தலையில் சுமந்து சமமான வரப்பில் நடக்கும் பெண், இயற்பியல் கணக்கில் புவியீர்ப்பு விசைக்கு எதிராகச் செய்த வேலை சுழியம் என்றதும், "அப்போது கூலி எதற்கு சார்?" என்று ஒருவன் கேட்டான். சிரித்துவிட்டுப் போகிற கேள்வியா அது? தமிழ்ச் சொல் எந்த இடத்தில் பிள்ளைக்குக் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது என்பதை நாம் ஆராயாவிட்டால் வேறு யார் ஆராய்வார்கள்?

தொழில்நுட்பமும் இப்படித்தான். கொலராடோ பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய 'பெட்' (PhET) என்ற கணினி உருவகப்படுத்தல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியின் கணினிகள் இருக்கும் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதன் மின்சுற்றைத் திறந்து காட்டினேன். பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் ஊர்வதைப் பார்த்ததும் பல முகங்கள் தெளிந்தன. பின்வரிசையில் ஒருவன் மட்டும், "கம்பிக்குள் எலக்ட்ரான் நீல நிறத்தில்தான் இருக்குமா சார்?" என்றான். ஒரு தவறான எண்ணத்தைத் துரத்தப் போய் இன்னொன்றை உள்ளே விட்டிருக்கிறேன்! திரையை எப்போது திறப்பது, எப்போது மூடிவிட்டுக் கம்பியைக் கையில் கொடுப்பது என்பதையெல்லாம் கணினியை இயக்கக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிற்சியில் சொல்லமாட்டார்கள்.

முன்மாதிரிகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், கிராமத்து ஆசிரியர்களும் டெல்லி, மும்பை விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் கூடி, வகுப்பில் என்ன சறுக்கியது என்று பேசினார்கள். 2002-இல் அரசு அதை மூடிவிட்டது என்பது தனிச் சோகம். மும்பையில் 1974 முதல் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வே நடக்கிறது. ஆனால் வகுப்பை விட்டுவிட்டு நான் மும்பையில் போய்த் தங்க முடியாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இயற்பியல் ஆசிரியர்களுக்கான முதுநிலைப் படிப்பைக் கோடை விடுமுறைகளில் வைத்தது. நமக்கும் மே மாதம் இருக்கிறது. தேர்தல் பணியும் விடைத்தாள் திருத்தமும் அதை அரித்தது போக மிஞ்சுவதையாவது கொடுங்கள்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் எம்.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கின. பணியில் இருப்பவருக்கு முழுநேரப் படிப்பு எட்டாக் கனி. 2025-இல் அதே குழுமம் வெளியிட்ட புதிய விதிமுறை வரைவில் பகுதிநேர எம்.எட். பற்றிய முன்மொழிவு உண்டு. அந்தக் கதவு திறந்தால், பழைய பாடத்திட்டத்தையே வார இறுதிக்குள் திணித்துவிடாதீர்கள் என்பதுதான் என் அச்சம் கலந்த வேண்டுகோள். வழிகாட்டியாக ஒரு கல்வியியல் பேராசிரியரும் ஓர் இயற்பியல் அல்லது உயிரியல் பேராசிரியரும் சேர்ந்து இருக்கட்டும். இருவரும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எங்கள் வகுப்பில் வந்து பின்பெஞ்சில் உட்காரட்டும். ஆய்வேட்டைத் தமிழில் எழுத விடுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் படிக்க வேண்டுமே. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் கட்டடங்கள் தயாராக இருக்கின்றன. கூடுவதற்கு அவை போதும்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். மின்சாரப் பாடம் மறுபடி வருகிறது. கைக்காசில் இரண்டு அம்மீட்டர் வாங்கியிருக்கிறேன். முதல் பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றால் அவள் என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுதிவைக்க ஒரு நோட்டும் வாங்கிவிட்டேன். எழுதியபின் அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் பட்டதாரி ஆசிரியர்