எங்கள் சாப்பாட்டு நேரம் எந்தத் துறையின் பொறுப்பு?

பெறுநர்:
மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலத் துறைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இரண்டு துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வேலை நேரம், இடைவேளை, ஓவர்டைம் பற்றிக் கேட்டால் அது தொழிலாளர் நலத் துறைக்குப் போகும். எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்று கேட்டால் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் போகும். வார்டுக்குள் வந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆள் இல்லாத இடத்தில் இடைவேளை ஏது? நோயாளிகளை யாரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவது? தனியார் மருத்துவமனைச் செவிலியரின் அரை மணி நேரச் சாப்பாடு உங்கள் இரண்டு கோப்புகளுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது.

நான் தென்மாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வேறு இடங்களில் வேலை பார்க்கும் தோழிகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவேதான். எங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உணவு இடைவேளை முப்பது நிமிடம் என்று அச்சிட்டே இருக்கிறது. நைட் டியூட்டியில் அந்த முப்பது நிமிடம் எப்படிக் கழிகிறது என்று சொல்கிறேன். வார்டுக்கு இரண்டு ஸ்டாஃப். கேஷுவாலிட்டியிலிருந்து புது அட்மிஷன் வந்தால் ஒருத்தி அங்கே போய்விடுவாள். மற்றவள் ஆன்டிபயாடிக் போட வேண்டும், சுகர் பார்க்க வேண்டும், பிபி குறைகிற நோயாளியைப் பற்றி டியூட்டி டாக்டருக்குப் போன் அடிக்க வேண்டும், நடுவில் கேஸ் ஷீட்டும் எழுத வேண்டும். டிஃபன் பாக்ஸ் மருந்து அறையில் இருக்கும். கையுறையைக் கழற்றிக் கை கழுவி இரண்டு வாய் வைப்பதற்குள் வாசலில் அட்டெண்டர் நிற்பார்: “சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு.” போய் மாற்றிவிட்டு வந்து, மறுபடி கை கழுவி, இன்னும் இரண்டு வாய். பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிட்டோம். அதனால் வருகிற யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு அதே மருத்துவமனையின் ஃபார்மசியில்தான் மாத்திரை வாங்குகிறோம். ஸ்டாஃப் என்பதால் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.

இன்ஸ்பெக்‌ஷன் நேரத்தில் உங்களுக்குக் காட்டப்படும் ஆள் கணக்கைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நூறு படுக்கை, அறுபது செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். தாளில் பார்த்தால் தாராளம். வார விடுப்பில் தினம் ஒன்பது பேர் போய்விடுவார்கள். மகப்பேறு விடுப்பு, காய்ச்சல், தங்கை கல்யாணம் என்று இன்னும் ஆறு பேர். மிச்சம் நாற்பத்தைந்து. மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்தால் ஷிஃப்டுக்குப் பதினைந்து. இதில் ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், கேஷுவாலிட்டி, டயாலிசிஸ் எல்லாம் சேர்ந்து பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், வார்டில் இருக்கும் எண்பது படுக்கைக்கு நிற்பது ஐந்தே பேர். பதினாறு நோயாளிக்கு ஒருத்தி. நான் போட்டுக் காட்டியது ஓர் உதாரணக் கணக்குத்தான். ஆனால் எந்த மருத்துவமனையின் டியூட்டி ரோஸ்டரை எடுத்து வைத்தாலும் இதே வழியில் போட்டுப் பார்க்கலாம். நர்சிங் கல்லூரி சேர்ந்திருக்கும் இடங்களில் மாணவிகளையும் ஸ்டாஃப் கணக்கில் சேர்த்துவிடுவது தனிக் கதை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆட்கள். அது அளவுகோலாகவே நின்றுவிட்டது. மீறினால் என்ன ஆகும் என்று யாரும் பயப்படவில்லை.

கலிஃபோர்னியாவில் செவிலியர் சங்கம் பல ஆண்டுகள் போராடி 1999இல் ஒரு சட்டம் கொண்டுவர வைத்தது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. ஐசியூவில் இரண்டு பேருக்கு ஒரு செவிலியர், மெடிக்கல், சர்ஜிகல் வார்டுகளில் இப்போது ஐந்து பேருக்கு ஒருவர். அதில் என்னை ஈர்த்த விஷயம் வேறு. இந்த விகிதம் எல்லா நேரத்திலும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதாவது ஒரு செவிலியர் சாப்பிடப் போகும் நேரத்திலும் விகிதம் குறையக் கூடாது. அவருடைய நோயாளிகளைப் பார்க்க இன்னொருவரை அனுப்பியாக வேண்டும். மருத்துவமனைகளின் சங்கம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2004இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடைவேளையையும் ஆள் எண்ணிக்கையையும் ஒரே விதியில் கட்டியதுதான் அந்தச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம். நாம் கேட்பதும் அதைத்தான்.

செவிலியருக்குச் சோறு கிடைப்பதோடு இது முடிகிற விஷயமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் லிண்டா எய்க்கன் குழு செய்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. விகிதத்தை எங்கள் வசதிக்கான சலுகையாகப் பார்க்கும் அதிகாரிகள், தங்கள் வீட்டில் ஒருவர் அட்மிட் ஆகும்போது இந்த எண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

இங்கே எதுவும் நடப்பதில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இதே தமிழ்நாடு அரசு, கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல காரியம். தீபாவளிக்குச் சேலை எடுத்துப் போடும் பெண்ணின் கால் வலி புரிந்த அரசுக்கு, அந்தச் சேலையைக் கட்டியபடி மயங்கி விழுந்தவரைத் தூக்கிப் படுக்க வைக்கும் பெண்ணின் கால் வலியும் புரியும் என்றே நம்புகிறேன்.

உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, தனியார் செவிலியருக்கு மிகக் குறைந்தது மாதம் ₹20,000 என்றும், விடுப்பு, வேலை நேரம் போன்றவை அரசுச் செவிலியருக்கு நிகராக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வந்தது. நீதிமன்றம் சொன்னதால் மட்டும் வந்ததல்ல. 2011இல் தொடங்கிய யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை என்று விடாமல் நின்றது. சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் வரை நடக்கப் போவதாக அறிவித்த பிறகுதான் அறிவிக்கை கையில் கிடைத்தது. நம் ஊரிலும் 2017 நவம்பரில் ₹7,700 தொகுப்பூதியத்தில் இருந்த அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு உட்காரவாவது ஒரு சங்கம் இருந்தது.

தனியாரில் சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே என்ன நடக்கும் என்று கேளுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த மாத ரோஸ்டரில் தொடர்ந்து நைட் விழும். வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டால், ஹெச்.ஆர். மேடம் லீவு. எல்லாவற்றுக்கும் மேலே எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட். வளைகுடா, பிரிட்டன், அயர்லாந்து என்று போக நினைக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த ஒரு தாள்தான் எதிர்காலம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுபவரிடம் எந்த இருபத்து மூன்று வயதுப் பெண் எதிர்த்துப் பேசுவாள்? சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவில் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 1926ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் அந்த ஏழு பெயர்களை எழுதித்தர ஆள் கிடைப்பதில்லை.

ஆட்கள் கிடைக்கவில்லை என்று நிர்வாகங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படித்து முடித்து வெளியே வரும் பெண்களுக்கு இங்கே பஞ்சமில்லை. இந்தச் சம்பளத்துக்கு, இந்த டபுள் டியூட்டிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எனவே கேட்பது இதுதான். தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கான 2018 விதிகளும் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. பதிவைப் புதுப்பிக்க வரும் மருத்துவமனையிடம் மொத்த ஸ்டாஃப் பட்டியல் கேட்காதீர்கள். ஒரு மாத ரோஸ்டரை வார்டு வாரியாக, ஷிஃப்ட் வாரியாகக் கேளுங்கள். அதில் இடைவேளைக்கு மாற்றாக நிற்பவர் யார் என்று ஒரு பத்தியும் இருக்கட்டும். மாணவிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்திருக்கும் இடங்களுக்குத் தொழிலாளர் துறை நோட்டீஸ் அனுப்பட்டும். சங்கத்தில் சேர்ந்தவருக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் மறுத்தால் புகார் கொடுக்க மாவட்டத்துக்கு ஓர் அதிகாரியின் பெயரையும் எண்ணையும் எல்லா நர்சிங் ஸ்டேஷனிலும் ஒட்ட வையுங்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு துறையிலிருந்தும் ஆள் சேர்ந்து வரட்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காலை பதினோரு மணிக்கு வர வேண்டாம். இரவு ஒரு மணிக்கு வாருங்கள். நாங்கள் விழித்துக்கொண்டுதான் இருப்போம்.

இந்த மடலில் என் பெயர் இல்லை. மேலே சொன்ன தாள் இன்னும் என் கைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டு செவிலியர் ஒருவர்