லம்பிரைஸ் சாப்பிட்டுவிட்டேன், மச்சான்

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, வெக்கைதான் தாங்க முடியவில்லை.

சரி, முக்கியமான செய்திக்கு வருகிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் பெயரைக் கேட்டே நாம் ஆசைப்பட்ட லம்பிரைஸை, அதுதான் பறங்கியரின் வாழையிலைச் சோற்றுப் பொதியை, ஒருவழியாகச் சாப்பிட்டுவிட்டேன்! கொழும்புக் கடைகளில் விற்பதை நான் வேண்டுமென்றே தொடவில்லை. ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டில் செய்ததைத்தான் முதலில் சாப்பிடுவது என்று இருந்தேன். என்னோடு வேலை செய்பவரின் அம்மா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பறங்கி அன்ரி, செய்து தந்தார்.

சம்பா அரிசியை நெய்யில் வதக்கி, ஏலம், கராம்பு, கறுவா போட்டு, இறைச்சி அவித்த சாற்றில் வேகவைக்கிறார். அந்தச் சோற்றைச் சுற்றி இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், பிரிக்கடெல் என்ற சின்ன இறைச்சி உருண்டை, கூனி இறாலை இடித்துச் செய்த பிளாச்சான், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பிறகு வாட்டிய வாழையிலையில் பொதி கட்டிப் போறணையில் வைக்கிறார். மாடும் பன்றியும் சேர்ப்பதுதான் பழைய வழக்கமாம். எங்கள் வீட்டை நினைத்து ஆடும் கோழியும் மட்டும் போட்டிருந்தார். அவித்த முட்டை வைப்பதெல்லாம் கடைக்காரர் வேலை என்று அன்ரிக்குக் கோபம்.

இலையைப் பிரித்ததும் வந்த வாசம் இருக்கிறதே! இரண்டாவது தடவை வேகும்போது இலையின் மணம் சோற்றுக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் கறிகள் ஒன்றோடொன்று குழம்பவில்லை. மோஜுப் பக்கம் எடுத்தால் புளிப்பும் இனிப்பும், பிளாச்சான் பக்கம் எடுத்தால் கடல். என்னைக் கேட்டால் பிளாச்சான்தான் அதன் உயிர். அது இல்லாவிட்டால் நல்ல இறைச்சிச் சோறு, அவ்வளவுதான்.

1639இல் ஒல்லாந்தர் நம் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள் என்று பாடமாக்கினோமே, ஞாபகமா? அவர்களுக்குக் கீழைத்தேசத் தலைமையிடம் ஜாவாவின் பத்தேவியா, இன்றைய ஜகார்த்தா. பிரிக்கடெல் ஒல்லாந்திலிருந்து, பிளாச்சான் ஜாவா, மலாய்ப் பக்கத்திலிருந்து, சீனிச் சம்பல் நம் நாட்டிலிருந்து. அந்தக் கப்பல் பாதை முழுவதும் ஒரே இலைக்குள் இருப்பதை நினைக்க எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

உங்கள் ஊர்த் தமிழ்க் கடையில் வாழையிலை கிடைக்குமா என்று பார்த்து வை. பிளாச்சானுக்கு அளவெல்லாம் அன்ரியிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதை மட்டும் போத்தலில் வாங்கிவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்