கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிடு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாப்பா ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தாளில் என்ஜேஆர்ஓடிசி என்ற அமெரிக்கக் கடற்படை வகுப்புக்கு டிக் அடித்துவிட்டு வந்து நிற்கிறாள், நீ "பட்டாளத்துக்கெல்லாம் என் பெண்ணை அனுப்ப முடியாது" என்கிறாய், பின்னாலிருந்து மாப்பிள்ளை "விடு, காலையில் பேசிக்கொள்ளலாம்" என்கிறார். நீ சொன்ன அதே வார்த்தையை நான் உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நீ அப்போது காலேஜ் டார்மில் இருந்தாய், உனக்கு எதுவும் தெரியாது. அவன் கையெழுத்துக்காக நீட்டிய தாளை நான் இரண்டாகக் கிழித்துப் போட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான், மறுநாள் டேப் ஒட்டிக் கொண்டுவந்து அதே மேஜையில் வைத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், நான் மறந்துவிடுவேன்.

அந்தப் பெயர்தான் முதலில் பயமுறுத்துகிறது. நேவி ஜூனியர் ரிசர்வ் ஆபீசர்ஸ் டிரெய்னிங் கோர். ரிசர்வ், ஆபீசர், டிரெய்னிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் எந்த அம்மாவுக்குத்தான் வயிற்றைக் கலக்காது? ஆனால் பள்ளியில் அது ஒரு பீரியட், ஆர்கெஸ்ட்ரா மாதிரி, ஸ்பானிஷ் மாதிரி ஒரு எலெக்டிவ். பாடத்தின் பெயர் நேவல் சயின்ஸ். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1964-இல் போட்ட சட்டத்தின் கீழ் நேவி 1966-இல் இதைப் பள்ளிகளில் தொடங்கியது. பிள்ளைகளுக்குக் குடிமைப் பொறுப்பு, சேவை மனப்பான்மை, தன் பொறுப்பைத் தானே ஏற்பது, ஒன்றைச் சாதித்த நிறைவு இதெல்லாம் வர வேண்டும் என்பதுதான் இதன் நோக்கமாகச் சட்டத்திலேயே இருக்கிறது. கேடட் என்று கூப்பிடுகிறார்களே தவிர அவள் ராணுவத்தில் சேர்ந்தவள் ஆகமாட்டாள், பின்னால் சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் துளிகூடக் கிடையாது. நான்கு வருஷமும் படித்துவிட்டு நேவி பக்கமே திரும்பிப் பார்க்காமல் போகலாம். உன் தம்பி அப்படித்தான் போனான், இன்று பாலம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

நீ குழப்பிக்கொள்வது காலேஜில் இருக்கும் என்ஆர்ஓடிசி-யோடு. அது வேறு. அங்கே ஸ்காலர்ஷிப் வாங்கினால் இரண்டாம் வருஷம் தொடங்கியதும் கடமை ஒப்பந்தம் வந்துவிடும், பட்டம் வாங்கியதும் அதிகாரியாகச் சில வருஷம் பணி செய்தே ஆக வேண்டும். அன்னாபொலிஸில் இருக்கும் நேவல் அகாடமியும் அந்த வகைதான். அதையெல்லாம் பதினெட்டு வயதில் அவள் தனியாக யோசித்து முடிவெடுக்க வேண்டும், இந்த டிக்கில் அது எதுவும் அடங்காது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் போவதாக நீ சொன்னாயே, வார இறுதியில் போகிறான் என்றால் அது அநேகமாக சீ கேடட்ஸ் ஆக இருக்கும். அது பள்ளிக்கு வெளியே நடக்கும் தனி அமைப்பு, பத்து வயதிலிருந்தே சேர்க்கிறார்கள்.

டேப் ஒட்டிய தாள் மேஜையில் மூன்று நாள் கிடந்தது. அப்பாதான், "பார்க்காமலே வேண்டாம் என்று சொன்னால் அவன் நம்மை மதிக்கமாட்டான், மீட்டிங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் போனேன். கேஃபிடீரியாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், வாசலில் பத்தாவது படிக்கும் ஒரு பெண் யூனிஃபார்மில் நின்று எங்கள் பெயரைக் கேட்டு, கண்ணைப் பார்த்துக் கை கொடுத்து, இருக்கை வரை கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அந்த வயதில் நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நீயும் தம்பியும் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். உண்மையைச் சொல்கிறேன், வகுப்பை நடத்தும் கமாண்டர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே என் மனசு பாதி இளகிவிட்டது.

சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் நேவி, மரீன் கோர், கோஸ்ட் கார்டிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு பள்ளியில் இருக்கும் யூனிட்டில் வழக்கமாக ஒரு அதிகாரியும், கீழிருந்து உயர்ந்து வந்த ஒரு சீஃபோ சார்ஜென்டோ இருப்பார்கள். அவர்களின் சம்பளத்தை நேவியும் பள்ளி மாவட்டமும் பகிர்ந்துகொள்கின்றன. யூனிஃபார்ம், புத்தகம் இரண்டும் நேவி தருகிறது, நாம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அவை நேவியின் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். சலவைக்கும் முடி வெட்டுவதற்கும் ஆகிற செலவு நம் தலையில்தான் விழும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

அந்த யூனிஃபார்ம் பற்றி உனக்கு விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உன் வீட்டு நடைமுறையையே மாற்றப்போவது அதுதான். வாரத்தில் ஒரு நாள் யூனிஃபார்ம் நாள். அன்று முழுப் பள்ளி நேரமும் அதோடுதான் இருக்க வேண்டும், வகுப்பு முடிந்ததும் கழற்றி பையில் திணிக்க முடியாது. சட்டையின் விளிம்பும் பெல்ட் பக்கிளின் ஓரமும் கால்சட்டையின் ஜிப்பை மூடும் பட்டையின் ஓரமும் ஒரே கோட்டில் வர வேண்டும், அதற்குப் பெயர் கிக் லைன் (gig line). ஒரு நூல் தொங்கினால் மார்க் போகும். பாராட்டாக ரிப்பன் பட்டை கிடைத்துவிட்டால் அதை எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். தம்பிக்கு முதல் வாரம் நான்தான் அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். வகுப்பில் "யார் அயர்ன் பண்ணினது?" என்று கேட்டார்களாம், இவன் "அம்மா" என்று சொல்லியிருக்கிறான். திட்டவில்லை. "அடுத்த வாரம் நீ பண்ணு, சுருக்கம் இருந்தாலும் பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாராம் சீஃப். அன்றிலிருந்து முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாலில் அயர்ன் போர்டு விரிப்பான். முதலில் சட்டை, அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்சட்டை மடிப்பு, கடைசியில் ஷூ பாலிஷ். அவன் தேய்ப்பான், நான் பக்கத்தில் காய் நறுக்குவேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பள்ளியில் நடந்ததெல்லாம் சொன்னான். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் "ஒண்ணுமில்லைம்மா" என்று எழுந்து போகிற பிள்ளை, கையில் வேலை இருந்தால் தானாகவே பேசினான். அவனோடு எனக்கு நெருக்கம் வந்தது அந்த நான்கு வருஷத்தில்தான்.

பாப்பாவின் தலைமுடியை வெட்டச் சொல்வார்கள் என்று பயப்படாதே. பெண்கள் முடியைக் காலருக்கு மேலே வருகிற மாதிரி கொண்டை போட்டுக்கொள்ளலாம், பின்னியும் கட்டிக்கொள்ளலாம்.

என்னதான் படிக்கிறார்கள் என்று கேட்டாய். முதல் வருஷம் தலைமைப் பண்பு, குடிமையியல், கடற்படையைப் பற்றிய அறிமுகம். அப்புறம் கடல் வரலாறு, கடலியல், வானிலை, வானியல், வரைபடம் பார்த்துக் கப்பல் போகும் வழியைக் கணக்கிடுவது எல்லாம் வருகிறது. ஒரு நாட்டிகல் மைல் ஏன் 1,852 மீட்டர், சாதா மைலைவிட ஏன் நீளம் என்று அவன் எனக்கு ஆரஞ்சுப் பழத்தில் கோடு போட்டு விளக்கினான். 1942-இல் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே கடல் யுத்தத்தைச் சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்திக் காட்டினான். கப்பல் பாஷையில் வீட்டுத் தரை டெக் ஆனது, சுவர் பல்க்ஹெட் ஆனது, பாத்ரூமுக்கு ஹெட் என்று பெயர். "அய் அய்" என்றால் வெறும் "சரி" இல்லையாம், "புரிந்தது, செய்கிறேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதாம். குப்பையை வெளியே வை என்று சொன்னால் "அய் அய் மேம்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வைத்துவிட்டு வருவான்.

வகுப்புக்கு வெளியேயும் நிறைய இருக்கிறது, விருப்பப்பட்டால்தான். அணிவகுத்து நடக்கும் டிரில் டீம், கொடி ஏந்தும் கலர் கார்ட், வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் காட்டுக்குள் குறியிட்ட இடங்களைத் தேடி ஓடும் ஓரியன்டியரிங், பொது அறிவுப் போட்டி. சில யூனிட்டுகளில் ஏர் ரைஃபிள் டீமும் உண்டு. இதைக் கேட்டதும் உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அது காற்றழுத்தத்தில் சின்ன பெல்லட் சுடும் துப்பாக்கி, பத்து மீட்டர் தூரத்து இலக்கு, ஒலிம்பிக்ஸில் இருக்கிறதே, அதே விளையாட்டு. பாதுகாப்புத் தேர்வு எழுதித் தேறினால்தான் கையில் கொடுப்பார்கள். அப்படியும் உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அந்த டீமுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னேன், அவன் ஓரியன்டியரிங் போனான்.

இப்போது நல்லதை மட்டும் சொல்லி உன்னை ஏமாற்றக்கூடாது. நேவி இதற்குப் பணம் போடுகிறது, பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் நல்ல எண்ணம் வரவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இல்லாமல் இருக்குமா? கேடட்டாக இரண்டு மூன்று வருஷம் முடித்தவர்கள் பிறகு ராணுவத்தில் சேர்ந்தால் ஒன்றிரண்டு படி மேலே, கூடுதல் சம்பளத்தோடு தொடங்கலாம், அதுவும் ஓர் ஈர்ப்புதான். தம்பியின் பிளட்டூனில், அதாவது அவனுடைய கேடட் அணியில், இரண்டு பேர் நேவியில் சேர்ந்தார்கள். இதையெல்லாம் பாப்பாவிடம் மறைக்காமல் பேசு. இன்னொன்று, ஹைஸ்கூல் மாணவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரை ராணுவ ரெக்ரூட்டர்கள் கேட்டால் பள்ளி கொடுத்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது, கேடட்டாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் கொடுக்கமாட்டார்கள். அவள் எந்தப் பாடம் எடுத்தாலும் அந்தக் கடிதத்தை வருஷத் தொடக்கத்திலேயே ஆபீசில் கொடுத்துவிடு.

2022-இல் பத்திரிகைகளில் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சில பள்ளிகளில் பிள்ளைகளைக் கேட்காமலே இந்த ஜூனியர் ஆர்ஓடிசி வகுப்புகளில் போட்டதும், சில இன்ஸ்டிரக்டர்கள் மாணவிகளிடம் தவறாக நடந்துகொண்டதும் வெளியே வந்தன. படித்த அன்று, இவனை அனுப்பினோமே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண் குழந்தையை அனுப்பும் நீ இதைக் கேட்காமல் விடக்கூடாது. பயணம் போகும்போது கூட வருகிற பெரியவர்கள் யார், அதில் பெண்கள் இருக்கிறார்களா, இன்ஸ்டிரக்டரும் பிள்ளைகளும் எந்த வழியில் மெசேஜ் அனுப்பிக்கொள்கிறார்கள், ஏதாவது சங்கடம் என்றால் வகுப்புக்கு வெளியே யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று மீட்டிங்கில் எழுந்து நின்று கேள். நல்ல இன்ஸ்டிரக்டர் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால் எனக்குப் போன் பண்ணு, நானே பாப்பாவிடம் வேண்டாம் என்று சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், மறந்துவிடுவேன். முதல் இன்ஸ்பெக்‌ஷன் அன்று தம்பி வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடாமல் போயிருந்தான், முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றிருக்கிறான், அப்படி நின்றால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு மயக்கம் வரும். முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள், இவன் பயத்தில் மறந்துவிட்டான். மோவாயில் தழும்பு இருக்கிறதே, சைக்கிளில் விழுந்தான் என்று உன்னிடம் சொன்னோமே, அது இதுதான். வீட்டுக்கு வந்து இதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். ஐஸ் வைத்துக்கொண்டே, "அடுத்தது மார்ச்சில்மா" என்றான். பாப்பாவை இன்ஸ்பெக்‌ஷன் அன்று சாப்பிடாமல் அனுப்பாதே, தண்ணீர் குடிக்கச் சொல்லு.

மூன்றாம் வருஷம் அவன் பிளட்டூனுக்குத் தலைவன் ஆனான், வீட்டில் சொல்லவே இல்லை. ஒரு நாள் கூட்டிவரப் போனபோது மைதானத்தில் முப்பது பிள்ளைகள் அவன் குரலுக்குத் திரும்பினார்கள். நம் வீட்டில் ரசத்துக்கு உப்பு கேட்கக்கூடத் தயங்குகிறவன் குரல் அது. நான் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் பெண்ணும் அவனை மாதிரிதான், வாயைத் திறந்து ஒன்று கேட்கமாட்டாள். இதைக் கேட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை மீட்டிங்குக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. ஹெல்த் ஃபார்ம் தருவார்கள், அதில் அவளுடைய ஆஸ்துமாவை மறக்காமல் எழுது, ஓட்டம், தண்டால் எல்லாம் இருக்கும். அங்கேயே கையெழுத்துப் போடாதே, வீட்டுக்கு எடுத்து வந்து அவளை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படி. இரண்டு பேரும் வேண்டாம் என்று முடிவு பண்ணினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

தம்பி யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், ஷூ பிரஷ்ஷும் பக்கிள் துடைக்கிற துணியும் மட்டும் அவன் அலமாரியில் இருக்கின்றன. நாளைக்குத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டான், அக்கா மீட்டிங் போய்விட்டு வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை எவ்வளவு நேரமானாலும் போன் பண்ணு, முழித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா