நாலுக்கும் நாலரைக்கும் நடுவே

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அவ்வாறே என நம்புகிறேன். மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் தோப்பில் வேலை இல்லை. அந்த ஓய்வில், அப்பாவின் இரும்புப் பெட்டியில் கிடந்த நம் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒன்றில், நாடாவை ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, சேர்த்து அழுத்தும் அந்தச் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தது. வீணாய்ப்போன இன்னொரு கேசட்டிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்து ஒட்டி ஓடவைத்தேன்.

ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில்தான் பதிவு செய்கிறேன். அது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதுகிறது. இந்தக் கணக்கில் ஒரு மணி நேரக் கேசட் அறுநூறு மெகாபைட்டைத் தாண்டிவிடுகிறது. பாலக்காட்டுப் பள்ளியில் கண்ணாடிப் பாத்திரத்தைப் போல நாம் தொட்டுப் பார்த்தோமே, அந்த பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட்தான்.

சிக்கல் முதல் நாளே வந்தது. கோயம்புத்தூர் வானொலியிலிருந்து நாம் பிடித்துவைத்த பாடல்கள் எல்லாம் தூக்கக் கலக்கத்தில் பாடியவைபோல ஒலித்தன. கேசட்டுகளை ஓடவிடப் புதிதாக வாங்கிய டெக் மெதுவாகச் சுற்றுகிறது என்று முதலில் அதைத்தான் சந்தேகித்தேன். ஆனால் கடையில் வாங்கிய கம்பெனி கேசட் ஒன்றைப் போட்டுக் கைப்பேசியில் வரும் அதே பாட்டோடு ஒப்பிட்டபோது இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போயின. ஆகவே பிழை நம் வீட்டு டேப் ரெக்கார்டருடையது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். நம்முடையது அதைவிட வேகமாக ஓடியிருக்கிறது; வேகமாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் கேட்டால் மெதுவாகத்தானே ஒலிக்கும். ரப்பர் பெல்ட் மாற்றக் கொடுத்தபோது மெக்கானிக் மோட்டாரின் பின்புறத் துளையில் சிறு திருப்புளியை விட்டு எதையோ திருகியது உனக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்துதான் இந்த ஓட்டம் என்பது என் ஊகம்.

எவ்வளவு வேகம் என்பதை எப்படி அறிவது? பதிவுகளின் அடியில் மின்சாரத்தின் முனகல் கேட்கிறது. அது 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு, இருக்க வேண்டும், திரையில் 47.6 என்று காட்டுகிறது. ஆனால் அந்த நாட்களில் மாலை நேரத்துத் தென்னக மின்சாரம் 49-க்குக் கீழேயும் இறங்கும் என்பதால் அந்தச் சாட்சியை முழுதாக நம்ப முடியவில்லை. (தென்னக மின்தொகுப்பு 2013-ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாக இணைந்தது.) அப்போதுதான், பள்ளிக் கணினியோடு இணைத்திருந்த ரெக்கார்டர் பழுதான வாரத்தில் நம்முடையதைத் துணிப்பையில் சுமந்துபோனதும், கணக்கு ஆசிரியர் அதில் ஒரு நிரலைச் சேமித்துத் தந்ததும் நினைவுக்கு வந்தன. அந்தக் கேசட்டும் பெட்டியில் இருந்தது!

பிபிசி மைக்ரோ நிரலை ஒலியாகத்தான் நாடாவில் எழுதும். பூஜ்யத்துக்கு 1,200 ஹெர்ட்ஸில் ஓர் அலை, ஒன்றுக்கு 2,400-இல் இரண்டு அலைகள். தொடக்கத்தில் சில நொடிகள் 2,400 மட்டும் ஒரே கூவலாக வரும். கணினிக்குள் இருக்கும் படிகத்தின் துடிப்பிலிருந்து பிறப்பதால் அந்தக் கூவல் நம்பகமானது. இன்று டெக்கில் அது 2,330 என்று ஒலிக்கிறது. அப்படியானால் நம் ரெக்கார்டர் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுதல் வேகத்தில் ஓடியிருக்கிறது. அதைக் கொண்டு முனகலையும் திருத்திப் பார்த்தால் அன்றைய மின்சாரம் 49 ஹெர்ட்ஸ். பள்ளிக் கணினி இந்த மூன்று பங்கைப் பொருட்படுத்தவே இல்லை. 1,200-க்கும் 2,400-க்கும் வேறுபாடு தெரிந்தால் அதற்குப் போதும், ஆகவே நிரல் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக ஏறியது.

இனித்தான் செய்தி. சுருதியில் அரைக்கட்டை ஏறுவதற்கு வேகம் ஏறத்தாழ ஆறு பங்கு கூட வேண்டும். மூன்று பங்கு என்றால் அதில் சரிபாதி. ஆண்டு விழாவுக்கு நீ பாடிய பாட்டு, கம்பெனி கேசட்டில் உள்ளபடி, நான்கு கட்டை. நம் ரெக்கார்டரில் அதை நூறு முறை கேட்டு மனப்பாடம் செய்த நீயோ நாலுக்கும் நாலரைக்கும் நடுவே, ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில் எடுத்தாய். ஆர்மோனிய வாத்தியார் நாலில் பிடித்தார், ஒட்டவில்லை. நாலரைக்கு ஏறினார், அதிலும் ஒட்டவில்லை. இரண்டாம் சரணத்தில் கையை எடுத்துவிட்டார். மேடைக்குப் பின்னால் நீ அவரிடம், ஆர்மோனியப் பெட்டி பழுது என்று சொன்னாய். அவர் பதில் பேசாமல் துருத்தியை மூடிக் கொக்கி போட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன்.

பாடுபவரின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997-இல்தான் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் ஒலியலைகளைக் கொண்டு நிலத்தடியில் எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர். அன்று அது நம்மிடம் இருந்திருந்தால் உன்னை ஓசைப்படாமல் நாலுக்கு இழுத்துவிட்டிருக்கும். இப்போது என் அண்ணன் மகள் கைப்பேசியில் பாடல்களை வேண்டுமென்றே வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாள், அதுதான் நாகரிகமாம். நாம் 1986-லேயே அதைச் செய்துவிட்டோம் என்றேன், அவள் நம்பவில்லை.

வானொலிப் பதிவுகளை மூன்று பங்கு வேகம் கூட்டித் திருத்திவிட்டேன். உன் குரல் உள்ள பதிவையும் அப்படியே. கம்பெனி பாடல்களுக்குத் திருத்தம் தேவையில்லை. ஆனால் நான்கு கட்டையில் அவற்றைக் கேட்கும்போது எனக்கு இன்னும் சற்று இறங்கியதுபோலவே இருக்கிறது. உனக்கும் அப்படித்தானா என்று கேட்டு எழுது. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன்.

வாத்தியார் வண்ணாமடையில் மகள் வீட்டில் இருக்கிறார். காது சற்று மந்தம், ஆனாலும் மார்கழி பஜனைக்கு அந்தப் பெட்டியோடுதான் வருகிறார். பெட்டி பழுதில்லை என்பதை ஞாயிறன்று அவரிடம் சொல்லிவிடுவேன். மீதியை நீ பொங்கலுக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்